பிரிபடாத பாகம்

பத்திரத்தில் இப்படி இருக்கிறது:
சி பிளாக், முதல் தளம், ஏழாம் எண்.
வடக்கே ஆகாயவெளி.
தெற்கே பொது நடை.
கிழக்கே எட்டாம் எண் வீடு.
மேற்கே மாடிப்படி.
இவற்றுக்கு உட்பட்ட கட்டடமும்
அடிமனையில் பிரிபடாத
இருநூற்றுப் பதினெட்டு சதுர அடியும்.

நான்கெல்லையில் இன்று மிச்சம்
ஆகாயவெளி.

பார்வதிபுரத்தில் இறங்கி
தகரவேலி ஓரமாக நடந்தேன்.
திருவனந்தபுரம் பஸ்கள் அதே வளைவில்
அதே ஹாரனை அடிக்கின்றன.
காவலுக்கு நின்ற பையன் பத்திர நகலைப் பார்த்து
எந்த மொழியிலும் எதுவும் கேட்காமல்
தகரத்தை நகர்த்தினான்.

நாளை மறுநாள் வாரியத்திலிருந்து அளக்க வருகிறார்கள்.
அவர்கள் மொத்தத்தை அளப்பார்கள்.
என் கையில் முப்பது மீட்டர் டேப்,
ஒரு பொட்டலம் சுண்ணாம்புத் தூள்.

இடித்த இடம் இவ்வளவு சின்னதாக இருக்குமென்று
யாரும் சொல்லியிருக்கவில்லை.
நாலு பிளாக், நாற்பத்தெட்டு வீடு,
ஞாயிற்றுக்கிழமை மீன்குழம்பு அத்தனையும்
இதற்குள்ளா கொதித்தது?

சாக்கடை மூடி ஒன்று காலில் தட்டியது.
ஈரச் சிமெண்டில் குச்சியால் எழுதிய 1986.
அதன்மேல் ஏறி நின்றுதான்
டெல்பின் அவள் அண்ணன் சைக்கிளில் கால் போடுவாள்.
அங்கிருந்து மாடிப்படிக்குப் பன்னிரண்டு எட்டு.
நடந்தேன். ஒன்பதிலேயே வந்துவிட்டது.

திசைக்கு ஆன்டெனாவை நினைத்துக்கொண்டேன்.
எல்லா ஆன்டெனாவும் மேற்கே பார்க்கும்.
சென்னை எங்களுக்கு எட்டாத ஊர்;
மலையாளச் செய்தி வாசிக்கிறவரின் மூக்கு தெளியும்வரை
அப்பா மொட்டைமாடியில் கம்பியைத் திருப்புவார்.
'ஆச்சு, ஆச்சு, ஐயோ போச்சு' என்று
நான் பால்கனியிலிருந்து கத்துவதைப்
பதினோராம் எண் வாங்கி மேலே கடத்தும்.
பால்கனி அப்படிக் கிடைத்தது.
அங்கே நின்றால் வேளிமலை தெரியும்.
நின்றேன். மதில்தான் தெரிந்தது.
மலைக்கு இன்னும் பதினோரு அடி ஏற வேண்டும்.

கோடு போட்டேன். ஹால். அம்மாவின் கட்டில் போட்ட அறை.
ஒருத்தி மட்டும் திரும்ப முடிகிற அடுக்களை.
குளியலறைக்குத் தூவக் குனிந்தபோது
மண்ணுக்கடியில் சிவப்புத் தரை.

எங்கள் தரை சிவப்பில்லை.
கறுப்பும் வெள்ளையுமாய்ச் சில்லு பதித்த மொசைக்.
இது மூன்றாம் எண். கோலப்பன் சார் வீடு.
எங்கள் குளியலறை ஐந்து வருஷம் ஒழுகியது
அவருடைய பூஜையறையில்.
துடைப்பக் கட்டையால் கீழிருந்து இடிப்பார்கள்,
நாங்கள் அம்மியை இன்னும் பலமாய் அரைப்போம்.
அந்த வீட்டு வாசலை
நான் ஒரு தடவைகூடத் தாண்டியதில்லை.
இப்போது செருப்போடு நடுவில் நிற்கிறேன்.

'மேல்வீடுல்லா?'

ஹெல்மெட்டைக் கழற்றினால் உமையொருபாகன்.
கோலப்பன் சார் மகன். காதோரம் நரை.
அவர் கையிலும் ஒரு டேப்.
'பைய நடங்க, அங்கன கம்பி கெடக்கு' என்றார்.
'அப்பா?' என்றேன்.
'போன ஐப்பசியில.'
'எங்கம்மாவும்' என்றேன், மாதம் சொல்லாமல்.

டேப்பின் ஒரு நுனியை அவர் பிடித்தார்.
எட்டடி நாலு. பத்தடி.
நான் போட்ட கோட்டை அவர் அழிக்கவில்லை.
தன்னுடையதென்று வேறு போடவும் இல்லை.
இரண்டு வீட்டுக்கும் அது போதுமாயிருந்தது.
சுண்ணாம்பு பாதிக்குமேல் மீந்துவிட்டது.

மேற்கே இருட்டிக்கொண்டு வந்தது.
முதல் துளி அவருடைய நெற்றியில்.
சட்டென்று நிமிர்ந்து
மேலே பார்த்தார்,
பிறகு என்னை.