இடுப்பளவுக் கடல்

ஓக்லியில் ஒரு பல் மருத்துவமனை.
உறிஞ்சுகுழாயைப் பிடித்திருப்பது என் வேலை.
வாய் என்கிற சின்னக் குடாவில்
நீர்மட்டம் ஏறிவிடாமல் பார்த்துக்கொள்வது.

செப்டம்பரில் நக்சோஸ் போகிறேன், ஏழு நாள்,
என்று ஒருமுறை வாய்விட்டதுதான் பிழை.
இந்தத் தெருவில் பாதிப் பேருக்கு
ஏதோ ஒரு தீவில் உறவு.
மீதிப் பேருக்கு அதைப் பற்றி அபிப்பிராயம்.

இரு கன்னத்திலும் பஞ்சுருளை அடைத்திருக்க
"ஆ... யோ... ப்ரோ..." என்றாள் எவ்தோக்கியா.
பஞ்சை எடுத்தேன்.
"ஆயோஸ் ப்ரொகோபியோஸ். மணல் பருமன்,
உடம்பில் ஒட்டாது.
பதினொன்றுக்கு மேல் போனால்
குடைக்குக் காசு, நிழலுக்குத் தனிக் காசு."
திரும்பவும் வாயைத் திறந்துகொண்டாள்.

கடைவாய்ப் பல்லுக்கு வந்த ஸ்தாவ்ரூலா
அவள் பேச்சை நம்பாதே என்றாள்.
ப்ளாக்கா போ.
மனிதர்கள் தீரும்வரை நட,
தீர்ந்த இடத்தில் துண்டை விரி.
மிக்ரி விக்லா வேண்டாம்.
பட்டத்தைக் கட்டிக்கொண்டு தண்ணீர்மேல் பறக்கிற
பையன்களுக்கு அது.
உன் மூக்குக்கண்ணாடிகூட மிஞ்சாது.
வடக்கே காற்று கிளம்பினால் தெற்கே ஓடிவிடு.

வாடை என்று குறித்துக்கொண்டேன்.
நான் அறிந்த வாடை மார்கழியில் வரும்,
போர்வையைக் கேட்கும்.
இவர்களுடையது கோடையில் வந்து
குடைகளைப் பிடுங்குகிறதாம்.

நோயாளிக்குத் தருகிற சந்திப்பு அட்டையின் பின்புறம்
கரைகளின் பெயர்கள் தமிழெழுத்தில் நிரம்பின.
எந்தக் கரையில் சூரியன் நன்றாக விழும்,
எங்கே கணவாய் நன்றாகச் சுடுவார்கள்,
எங்கே ஆடையில்லாதவர்களைப் பார்க்காததுபோல் நடக்கவேண்டும்,
எல்லாம் சொன்னார்கள்.
உனக்கு நீந்தத் தெரியுமா என்று மட்டும்
யாரும் கேட்கவில்லை.

நான் கரூர்க்காரி.
எனக்குத் தெரிந்த மணல் எல்லாம் ஆற்று மணல்.
அதன் பருமனை அல்ல,
லோடு விலையைத்தான் கேட்டு வளர்ந்தேன்.

லெஃப்தேரிஸுக்கு வேர்ச்சிகிச்சை, மூன்று தடவை.
முதல் இரண்டிலும் கண்ணை மூடியே கிடந்தார்.
மூன்றாவதில், மரத்துப்போன உதட்டோடு,
அட்டையை வாங்கிப் பார்த்தார்.
"மூத்ஸூனா இல்லையே?"
அவர் அப்பா அந்தத் துறையில் கல் ஏற்றியவர்.
சாணைக்கான கல், குருந்தத்துக்குத் தாயாதி.
"நல்ல கரையா?" என்றேன்.
"தெரியாது. கப்பல் வந்திருக்கிறதா என்றுதான்
அங்கே பார்ப்போம்.
தண்ணீரை யார் பார்த்தார்கள்?"

மருத்துவர் கையுறை மாற்றப் போன இடைவெளியில்
குனிந்து கேட்டேன்:
இடுப்பைத் தாண்டாத கடல் எங்கே?

யோசித்தார். எச்சில் வழிந்தது, உறிஞ்சினேன்.
"ஆயோஸ் யோர்யோஸ். ஊரை ஒட்டியே இருக்கிறது.
குழந்தைகளை விடுவார்கள்.
நடந்துகொண்டே போகலாம்."
பிறகு கதவைப் பார்த்துக்கொண்டு சொன்னார்:
"எனக்கும் தெரியாது, நீந்த.
எவ்தோக்கியாவிடம் சொல்லிவிடாதே."

ஞாயிற்றுக்கிழமை மோர்டியாலக் போனேன்.
ஆகஸ்ட். கடற்கரையில்
நானும், ஒரு நாயும், நாய்க்குச் சொந்தமான ஒருவரும்.
காற்சட்டையை மடித்து இறங்கினேன்.
பதினெட்டாம் அடியில் கணுக்கால்.
முப்பத்தொன்றில் முழங்கால்.
நாற்பதில் ஒரு மணல்திட்டு ஏறி
திரும்பவும் கணுக்கால்.
கால்விரல்கள் இருக்கின்றனவா என்று தெரியவில்லை.
ஐம்பத்திரண்டில் மடிப்பு நனைந்தது.

ஏதாவது தொலைத்துவிட்டாயா என்று
கரையிலிருந்து கத்தினார் நாய்க்காரர்.
இல்லை, எண்ணுகிறேன் என்றேன்.
காற்றில் என்ன கேட்டதோ,
கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார்.

காரில் ஹீட்டரைக் கூட்டிவைத்துவிட்டு
புது அட்டையில் எழுதினேன்:

முதல் நாள், ஆயோஸ் யோர்யோஸ்.
இரண்டாம் நாள், அதுவே.
மூன்றாம் நாள் மூத்ஸூனா,
கப்பல் வந்திருக்கிறதா என்று பார்க்க.
நான்கு, ஐந்து, ஆயோஸ் யோர்யோஸ்.
ஆறாம் நாள் ப்ளாக்கா, நடக்க மட்டும்.
ஏழுக்கு எதிரே ஒன்றும் எழுதவில்லை.
பேனா பிடிக்க
விரல் இன்னும் சரியாக மடங்கவில்லை.