ஒரு சாண் பின்னால்

குறிச்சி சிட்கோ. ரெண்டாம் ஷிப்ட் முடிந்து
லேத்துகள் சூடாறும் நேரம்.
முட்டி ஹேண்டில்பாரில் இடிக்கிறது.
குரூசர் சைக்கிள் செய்தவன்
என் காலை அளந்தா செய்தான்?

முதல் குழாயை அப்படியே வளைத்தேன்.
மிதிபட்ட பீர்க்கங்காயாய் நசுங்கிற்று.
“மண்ணு ரொப்பாம வளைக்கறதாக்கும்?”
கையுறையைக் கழற்றாமலே சிரித்தான்
வெல்டர் ராக்கியப்பன்.

அடுத்ததற்கு
வறுத்த மணல், தட்டித் தட்டி.
இரண்டு வாயிலும் மரக்கட்டை.
செம்பருத்திச் சிவப்பு ஏறியதும்
மெல்ல இழுத்தேன்,
முக்கில் தேர் திரும்புகிற வேகத்தில்.

இருபத்தைந்து புள்ளி நான்கு வேண்டும்.
ஒரு நூல் கூட இருந்தது.
எமரித்தாள் தின்று தீர்க்க
மணி ஒன்றாகிவிட்டது.
வளைவின் அடியில் முக்கோணத் தகடு:
ராக்கியப்பன் வைத்துக்கொடுத்தான்.
காசு வாங்கவில்லை; பேச்சு வாங்கினேன்.

விடியலில் ஏறி உட்கார்ந்தேன்.
கால் முழுசாக நீண்டது,
முப்பத்தெட்டு வயதில் முதல் தடவை.
ஆனால் மதுக்கரை ஏற்றத்தில்
முன்சக்கரம் தரையை விட்டு எழுந்துவிட்டது.

இப்போது முன்கூடையில்
ஒரு பம்பு இம்பெல்லர் கூடவே வருகிறது,
போன மாசம் நான் அரை மில்லி அதிகம் கடைந்து
தள்ளுபடியானது.
கேட்கிறவர்களிடம்
“டெலிவரிங்க” என்கிறேன்.