வாய்தா

டவாலி எங்கள் பெயர்களை
மூன்று தடவை கூப்பிட்டார்.
தையல்நாயகி. கலியமூர்த்தி.
அப்பாவின் ரேஷன் கார்டுக்குப் பிறகு
நாங்கள் அடுத்தடுத்து வருவது
இந்த வழக்கில்தான்.

நீதிபதி விடுப்பு.
அடுத்த மாதம் பத்தொன்பது என்றார் வக்கீல்,
கட்டின் நாடாவை முடிச்சிட்டபடி.
மணி பதினொன்று இருபது.
எதிர்ப் படியில் இறங்கிய தம்பி
என் செருப்பைப் பார்த்தான்,
அதற்கு மேல் பார்க்கவில்லை.

பதினாறாவது தடவை வருகிறேன் தஞ்சாவூருக்கு.
கோர்ட், ஜெராக்ஸ் கடை, பஸ் ஸ்டாண்ட்.
வேறென்ன இருக்கிறது இந்த ஊரில்?
பட்டுக்கோட்டை பஸ்ஸில் ஒரு காலை வைத்தேன்.
எடுத்துவிட்டேன்.
சோறு ஆக்கி வைத்தாயிற்று,
ஐந்து மணி வரை யாரும் தேட மாட்டார்கள்.

கீழராஜ வீதியில் வெயில்
பாத்திரக்கடை எவர்சில்வரில் பட்டு
முகத்தில் அடித்தது.
தலையாட்டி பொம்மை விற்பவன்
பலகையை ஒரு தட்டுத் தட்டிவிட்டு
வாங்கக்கா என்றான்.
அத்தனை பேர் சேர்ந்து
என்னிடம் ஆமாம் ஆமாம் என்றது
எனக்கு நினைவு தெரிந்து இல்லை.

அரண்மனையில் டிக்கெட் கிழித்தவள்
பையைத் திறக்கச் சொன்னாள்.
வில்லங்கச் சான்று, வக்காலத்து நகல்,
தண்ணீர் பாட்டில், புளிப்பு மிட்டாய்.
"சரி, உள்ள போங்க."

உள்ளே செம்பில் கடவுளர்கள்.
பூ இல்லை, எண்ணெய் இல்லை,
காலடியில் எண் போட்ட சீட்டு,
கேஸ் நம்பர் மாதிரி.
அதில் ஒருவர் காலைக் குறுக்கே மாற்றி நின்று
மடக்கிய கையைக்
காற்றின்மேல் சாய்த்திருந்தார்.
காவலாளி தானாக வந்து சொன்னார்:
"அங்க காளை இருந்துச்சும்மா. இப்ப இல்ல."
எப்போது போனது?
"நான் வேலைக்கு வர்றதுக்கு முன்னாடியே."
சாய்மானம் போய் இவ்வளவு காலம்.
கை இறங்கவில்லை.
யார் மேலும் பிராது கொடுத்த முகமும் இல்லை.

சங்கீத மகாலில் ஆளில்லை.
ஓர் ஓரமாய் நின்று
டவாலியின் குரலில்
என் பெயரை நானே கூப்பிட்டேன்.
மேலே போய் முட்டி
கொஞ்சம் மரியாதையோடு திரும்பி வந்தது.

பிறகு மேட்னி.
"ஒண்ணுதானா?" என்றான் கவுண்டர் பையன்.
ஒண்ணுதான்.
கதாநாயகன் யாரையோ காப்பாற்றினான்.
வில்லனுக்கு நல்ல நல்ல சட்டை.
ஒரு போலீஸ்காரர்
இட்லிப் பொட்டலத்தைத் தொப்பிக்குள் ஒளித்துக்கொண்டு
மேலதிகாரிக்கு சல்யூட் அடிக்க,
சாம்பார் நெற்றியில் இறங்கியது.

மூன்று வரிசை முன்னால் ஒருவன் சிரித்தான்.
முதலில் மூக்கில் ஓர் அடைப்பு,
அப்புறம் மாடு விரட்டுகிற மாதிரி ஹேய் ஹேய்,
கடைசியில் இருமல்.
அந்த இருமல்
வருவதற்கு முன்பே எனக்குத் தெரிந்தது.

இடைவேளை விளக்கில்
குனிந்து செருப்பைத் தேடினேன்,
காலில்தான் இருந்தது.
அவன் பக்கத்துச் சீட்டில் மஞ்சள் பை.
என்னிடம் இருக்கும் அதே காகிதங்கள்,
வேறு வரிகளில் சிவப்புக் கோடு.
பாப்கார்னை ஒவ்வொன்றாகத் தின்றுகொண்டிருந்தான்.
பதினேழு தென்னையும் ஒரு மோட்டாரும்
கேட்கிறவன்.

பிற்பாதியில் இன்னும் இரண்டு முறை சிரித்தான்.
முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு
நானும்.

ஆற்றுப்பாலத்தின் கீழே புது ஆறு
கரை தொட்டு ஓடியது.
எங்கள் வாய்க்காலுக்கு வரும் தண்ணீர்.
அவனுக்கு ஒரு நாள், எனக்கு ஒரு நாள் முறை;
அதற்கும் ஒரு வழக்கு உண்டு.

ஐந்து பத்து பஸ்ஸில்
அவனுக்கு ஜன்னலோரம் கிடைத்தது.
கண்டக்டர் என்னைப் பார்த்தே
பட்டுக்கோட்டை என்று மூன்று தடவை கத்தினார்.
டீக்கடைப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.
பஸ் போயிற்று.

சில்லறை தேடியபோது
கையோடு வந்த பாதி டிக்கெட்டைப் பார்த்து
படம் எப்படிக்கா என்றார் கடைக்காரர்.
அந்தப் போலீஸ்காரர் வர்ற எடம்
நல்லா இருக்கு என்றேன்.