கதவிலக்கம் தவிர

பெட்ரோலுக்கு வரிசை நின்ற வருடம்
விலையைக் கேட்டுத் தலைசுற்றி வாங்கிய சைக்கிள்.
இப்போது பல்கனியில் நின்று
என் துவாய்களைக் காயவைக்கிறது.

முதலில் படம்.
ஒன்றில் எதிர்வீட்டுப் பெயர்ப்பலகை விழுந்தது.
இன்னொன்றில் யன்னல் கண்ணாடிக்குள் நைட்டியோடு நான்.
கடைசியில் வெறும் சுவரில் சாய்த்துவைத்து எடுத்தேன்.
பின் சில்லின் துருவையும் கிட்டப்போய் எடுத்தேன்,
மறைத்தால் பிறகு நடுத்தெருவில் நின்று
அதற்கும் கதைபட வேண்டும்.
வெள்ளவத்தை என்று மட்டும் எழுதினேன்.
காலி வீதிக்குக் கடல் பக்கமா மற்றப் பக்கமா
எழுதவில்லை.

பத்து நிமிடம் ஆகவில்லை.
தியெனவாத?
இருக்கா?
லாஸ்ட் எவ்வளவு?
ஒருவர் சைக்கிளை விட்டுவிட்டு
தனியாகவா இருக்கிறீங்க என்றார்.
ஒருவர் டோஹாவில் இருந்தார்.
பேரமே பேசாமல் முழுக்காசும் போட்டுவிட்டாராம்,
சிலிப் வந்தது,
வங்கியின் பெயரில் ஓர் எழுத்துப் பிழையோடு.
இப்ப உங்கட போனுக்கு ஆறு இலக்கம் வரும்,
அதை மட்டும் சொல்லுங்கோ தங்கச்சி.
வந்தது.
ஆறையும் எனக்குள்ளேயே வாசித்து
அண்ணனை பிளாக் பண்ணினேன்.

பிறகுதான் தினெத்.
சீற்றின் உயரம் கேட்டான்.
பிரேக் கட்டை எப்போது மாற்றியது என்று கேட்டான்.
கேள்வி சைக்கிளை விட்டு இறங்காததால்
பதில் எழுதிக்கொண்டிருந்தேன்.
அட்ரஸ் அனுப்புங்க அக்கா, வந்து பார்க்கிறேன்.

அட்ரஸ்.
கேட்ட எல்லோருக்கும் கொடுத்த வீடு எங்கள் வீடு.
லொட்ஜ்காரருக்கு,
சோதனைச்சாவடியில் முகத்துக்கு டோர்ச் அடித்தவருக்கு,
இரவு ஒரு மணிக்குக் கதவைத் தட்டி
எங்களைத் தலை எண்ணியவருக்கு.
பொலிஸ் பதிவுத் துண்டு
அப்பாவின் சட்டைப்பையில் வேர்த்து வேர்த்து
மடிப்பில் கிழிந்தது.
பத்து வயதில் எனக்குக் கதவிலக்கம்
மூன்று மொழியிலும் பாடம்.

வீட்டுக்கு வேண்டாம், வெளியில் சந்திப்போம்
என்று எழுதிவிட்டு
போனைக் கவிழ்த்து வைத்தேன்.
ஹரி அக்கா, என்றான்.
அவ்வளவுதானா?

பொலிஸ் ஸ்டேஷன் வாசல்தான் பாதுகாப்பு என்றாள்
என்னோடு வேலை செய்யும் பஸ்மிலா.
நான் அவளைப் பார்த்தேன்.
சரி, சூப்பர்மார்க்கெட் வாசல், என்றாள்.

ஞாயிறு, பின்னேரம் நாலு மணி.
காவலாளியின் கதிரை, மேலே கமரா.
வீதிக்கு அந்தப் பக்கம் இளநீர் வண்டியடியில்
என்னைத் தெரியாதவளாக பஸ்மிலா.
ஆபத்தென்று பட்டால்
குடையை இரண்டு தரம் விரிப்பதாக ஏற்பாடு.

ஓடிப் பார்க்கலாமா என்றான் தினெத்.
ஓடுங்கோ, காசை என்னிடம் தந்திட்டு ஓடுங்கோ.
சிரித்தான்.
காசோட நீங்க போயிட்டா அக்கா?
அதுவும் சரிதான்.
கொஞ்ச நேரம் இரண்டு பேரும்
சைக்கிளின் ஆளுக்கொரு கைபிடியைப் பிடித்தபடி நின்றோம்.
பிறகு அவன் காசைத் தந்து,
வெட்கத்தோடு வீதிக்கு அப்பால் நாடியை நீட்டினான்.
என்ட கூட்டாளி நிக்கிறான். உங்களப் பார்த்துக்குவான்.

இளநீர் வண்டியடியில்
எங்களைத் தெரியாதவனாக ஒரு பையன்.
தூறல் போட்டிருந்தது.
குடை ஒரு தரம்தான் விரிந்திருந்தது,
அதற்குள் இரண்டு பேர்.

ஒரு ஐயாயிரத்தை வெளிச்சத்துக்குப் பிடித்தேன்,
அவன் கோபிக்கவில்லை.
வாங்கிய பற்றுச்சீட்டைக் கேட்டு
சட்டகத்தின் இலக்கத்தோடு ஒத்துப் பார்த்தான்,
நானும் கோபிக்கவில்லை.
காவலாளி கொட்டாவி விட்டார்.

வீட்டுக்கு நேரே போகவில்லை.
இரண்டு ஒழுங்கை சுற்றித்தான் போனேன்.

பல்கனியில் துவாய் போட இடமில்லை.
இரவு போனில் தேடினேன்.
பாவித்த துணி ஸ்டாண்ட், கொட்டாஞ்சேனை,
வெறும் சுவரோரம் எடுத்த படம்.
இருக்கா என்று கேட்டேன்.
இருக்கு, வெளியில் சந்திப்போம், என்று வந்தது.