முயலாகத் தொடங்கியது

ஆறு கண்ணியில் தொடங்க வேண்டும் முயலை.
விரலில் நூலைச் சுற்றி ஒரு வளையம்,
வளையத்துக்குள் ஆறு,
நுனியை இழுத்தால் ஓட்டை மூடிக்கொள்ளும்.
மூக்கு அது.
அடுத்த சுற்றில் பன்னிரண்டு. பிறகு பதினெட்டு.
வால்திவியா மீன் சந்தையில்
மழைநாள் காலைகள் எனக்கு இப்படித்தான் போகும்.
மழை இல்லாத நாள் எது என்று கேட்காதீர்கள்.

"மெர்லூசா என்ன விலை, எர்மெலிந்தா?"
"இருபத்து நான்கு" என்றேன்.
நூற்றுக்கணக்கில் சொல்கிறேன் என்று நினைத்துக்கொண்டு
இரண்டாயிரத்து நானூறு பெசோவை நீட்டினார் அந்த மனிதர்,
மூவாயிரத்து ஐந்நூறு என்று எழுதிய பலகைக்குக் கீழேயே நின்று.
வாங்கிப் போட்டுக்கொண்டேன்.
சுற்றின் நடுவில் யார் சண்டை போடுவது?

அன்று பதினோரு பேர் வந்தார்கள்.
ஒவ்வொருவரும் என்னிடமிருந்து ஓர் எண்ணை எடுத்துக்கொண்டு
வேறோர் எண்ணை வைத்துவிட்டுப் போனார்கள்.
அரைக் கிலோ, நான்கு வால்துண்டு, மீதி அறுநூறு,
எல்லாம் கொக்கி ஊசி வழியாக
முயலின் கழுத்துக்குள் இறங்கியிருக்கின்றன.
குறைக்க வேண்டிய இடத்தில்
கூட்டிக்கொண்டே போயிருக்கிறேன்.

மதியம் பார்த்தால்
கழுத்து தலையைவிடப் பருமன்.
தோள் இருக்க வேண்டிய இடத்தில்
சரிந்துகொண்டே போகும் சாம்பல் நிறம்.

பிரித்துவிடலாம்.
நுனியைப் பிடித்து இழுத்தால்
ஒரு காலைப்பொழுது ஒரு நிமிடத்தில் தரைக்கு வந்துவிடும்.
பிரிப்பது எனக்குப் பழக்கம்தான்:
இரண்டு கல்யாணம், ஒரு படகுப் பங்கு.

அப்போது கடைக்குப் பின்னால், ஆற்றுப் படியில்,
அவன் ஏப்பம் விட்டான்.
முந்நூறு கிலோ. காங்கிரியோ மீனின் தலைக்காக
விடியலிலிருந்து கிடக்கிறான்.
கழுத்து தலையைவிடப் பருமன். தோள் கிடையாது.
நாங்கள் இவனைக் கடல் ஓநாய் என்போம்.
வேறு ஊர்களில் சிங்கம் என்கிறார்களாம்.
எதுவானாலும்
முயல் இல்லை.

காதுகளை முன்னமே பின்னி
ஐஸ் பெட்டியின்மேல் வைத்திருந்தேன், நீளமாய், இரண்டு.
விலாவில் வைத்துப் பார்த்தேன்.
துடுப்பு.

கண்கள்தான் பயம்.
பிளாஸ்டிக் கண்ணைக் குத்தி, உள்ளேயிருந்து வட்டை அழுத்தினால்
'டிக்'.
பிறகு எவராலும் கழற்ற முடியாது.
கண்ணி எத்தனை தவறானாலும் பொறுக்கும்,
கண் பொறுக்காது.
குண்டூசியால் ஏழெட்டு இடம் குத்திப் பார்த்தேன்.
நெருங்கி வைத்தால் கடன் கேட்க வந்தவன்.
மேலே வைத்தால் பாதிரியார்.
அகலமாய், சற்றுக் கீழே வைத்தபோது
சாப்பிட்டதை மறந்துவிட்ட ஒரு முகம் வந்தது.
டிக்.

பஞ்சு பாதியில் தீர்ந்தது.
எதிர்க்கடை எவரிஸ்தோ தன் குல்லாயைக் கழற்றி
உச்சிக் குஞ்சத்தை வெட்டித் தந்தார்,
நான் கேட்கவே இல்லை.
அதையும் திணித்து, வாலை மூடினேன்.

சனிக்கிழமை ராயேனுக்கு ஆறு வயது.
பக்கத்துக் கடை நோயெலியாவின் மகள்.
முயல்தான் கேட்டிருந்தாள்.
"காது எங்கே?"
துடுப்பைக் காட்டினேன்.
நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை.
பிறகு அதை என் தராசுத் தட்டில் போட்டாள்.
நூற்று எண்பது கிராம்.
"கிலோ என்ன விலை?"
என் வாயில் இருந்த எண்ணைச் சொன்னேன்,
"பதினெட்டு."
அடுத்த முயலின் மூன்றாம் சுற்றில் இருந்தேன்.

பேரம் பேசாமல் எடுத்துக்கொண்டு
படித்துறைக் கம்பிக்குப் போனாள், பெரியவனிடம் காட்ட.
கம்பிக்கு இந்தப் பக்கம்தான் நின்றாள், கெட்டிக்காரி.
அவன் ஒரு கண்ணைத் திறந்தான்.
பாவம், அவனுக்கென்ன தெரியும்,
ஒரு வாரம் மீன் கையால் பின்னிய கம்பளி அது.
மூக்கை நிமிர்த்தி மோந்தான்.
எழுந்தான்.
நான் ஓடினேன், கையில் ஊசியோடு,
நூலுருண்டை ஈரத்தரையில் பின்னாலேயே உருண்டுவர,
பதினெட்டும் பன்னிரண்டாகி, ஆறாகி.