நாற்பத்தாறின் கீழ் இரண்டு, ஏ

போனில் என் சிங்களத்துக்கு ஒரு குறையும் இல்லை.
"இருக்கு மகள், வந்து பாருங்க" என்றார்கள் கன்னொறுவையில்.
கேட்டைத் திறந்து பெயரைக் கேட்டபிறகுதான்
தங்கச்சியின் மகள் கொழும்பிலிருந்து வரப்போவது
அவர்களுக்கு ஞாபகம் வந்தது.

கெலிஓயாவில் குளியலறை வெளியே.
ஹிந்தகலையில் ஓர் அறை, நான்கு கட்டில்,
ஒரே ஒரு பிளக்.
இன்னோரிடத்தில் ஆறு மாத அட்வான்ஸ்.
"கிட்னியொண்ட வித்தா மூணு மாசத்துக்குப் போதும்"
என்றாள் ஸஹ்லா.
மழை வேறு. ஒரு குடை, இரண்டு பேர்.
அவளது அபாயாவின் கரையும் என் சப்பாத்தும்
ஒரே அளவு நனைந்திருந்தன.

பெனிதெனியவில் ஏழாவது வீடு.
வீதியிலிருந்து அறுபத்தொரு படி.
நாற்பதாவதில் ஸஹ்லா உட்கார்ந்துவிட்டாள்.
மகாவலி தெரியும் என்று விளம்பரத்தில் இருந்தது.
தெரிந்தது,
இரண்டு பலாமரங்களுக்கு நடுவே
ஒரு முழ அகலத்தில், பால் விடாத தேத்தண்ணி நிறத்தில்.

வீட்டுக்காரி சந்திரலதா.
பல் ஆஸ்பத்திரியில் முப்பது வருஷம் தாதி.
பேசும்போது எங்கள் வாயையே பார்த்தாள்.
"ஆறு மணிக்குப் பிறகு பொடியன்மார் வரக்கூடாது.
ஆறு மணிக்கு முன்னாலும் வரக்கூடாது.
கருவாடு பொரிப்பதென்றால் ஞாயிற்றுக்கிழமை,
ஜன்னலைத் திறந்துவைத்து.
எனக்கும் ஒரு துண்டு."

இருபத்தாறாயிரம் என்றாள்.
ஸஹ்லா இருபதில் தொடங்கினாள்.
அவள் வாப்பாவுக்கு மாவனெல்லையில் துணிக்கடை.
இருபத்திமூன்றரையில் தேநீர் வந்தது.
தேநீரைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை.

பிறகு பொலிஸுக்குக் கொடுக்கும் படிவம்.
நிரந்தர முகவரி:
எல்டன்மூர் தோட்டம், கீழ்ப்பிரிவு, புசல்லாவை.
கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கினாள்.
"இலக்கம்?"
இல்லை.
"வீதி?"
இல்லை.
"அப்ப கடிதம் வந்தால்?"
தோட்டத்து ஒபிசுக்கு வரும்.

கெம்பஸ் கடிதம் அந்த ஒபிசில்
உரக் கணக்குப் புத்தகத்துக்குள்
பதினொரு நாள் தூங்கியதைச் சொல்லவில்லை.
மூன்று தலைமுறையாக ஒரே காம்பிரா.
வாடகை கேட்டு யாரும் வந்ததில்லை,
உங்களுடையது என்று சொல்லவும் யாரும் வந்ததில்லை.
தகரம் மாற்றத் துரைக்குக் கடிதம்,
கக்கூஸ் கதவுக்கு இன்னொரு கடிதம்.
எழுதியெழுதியே என் கையெழுத்து அழகானது.

சந்திரலதா பேனா மூடியைக் கடித்தாள்.
"இந்த அனெக்ஸுக்கும் இலக்கம் இல்லை, தெரியுமா?
பெரிய வீடுதான் நாற்பத்தாறின் கீழ் இரண்டு.
இப்படியொரு அறை இருப்பது சபைக்குத் தெரியாது.
தெரிந்தால் வரி."
ஜன்னலுக்கு அடித்து மிஞ்சிய நீலப் பெயிண்டில்
கதவில் 'ஏ' என்று எழுதித் தருவதாகச் சொன்னாள்.
"யாராவது வந்து கேட்டால்
என் தங்கச்சியின் மகள் என்று சொல்லுங்கள்."
ஸஹ்லா என்னைப் பார்க்கவேயில்லை.
பார்த்திருந்தால் இருவரும் சிரித்திருப்போம்,
வீடும் போயிருக்கும்.

ரசீது கேட்டேன்.
"ரசீதா? எதுக்கு?"
வேண்டும் என்றேன்.
ஏதோ மருந்துக் கம்பனியின் குறிப்புத்தாளில்,
வாய் விரித்துச் சிரிக்கும் பல்லொன்றின் கீழே எழுதினாள்.
புனிதகலா அங்கே புஞ்சிகலா ஆகியிருந்தேன்.
திருத்தச் சொன்னேன்.
வெட்டி, மறுபடி எழுதி,
பக்கத்தில் சின்னதாகக் கையெழுத்தும் வைத்தாள்.

இரவு அம்மா எடுத்தாள்.
"தண்ணி வருதா?"
வருது.
"பீலி எவ்வளவு தூரம்?"
உள்ளுக்குத்தான்மா. அடுப்புக்குப் பக்கத்துல.
"உள்ளுக்கேவா?"
போனைக் கிட்டே பிடித்துக் குழாயைத் திறந்தேன்.
அவள் ஒன்றும் பேசவில்லை.
கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தாள்.
நானும் பூட்டவில்லை.
"அடியேய், மீட்டர் ஓடுது!"
கட்டிலிலிருந்து கத்தினாள் ஸஹ்லா.