மூன்றைத் தவிர

இந்தக் கட்டடத்தில் லிஃப்டுக்கும் காசு போட வேண்டும்.
சில்லறை இல்லாத நாளில் ஏழு மாடியும்
என் முழங்காலின் கணக்கில்.
இன்று ஒரே ஒரு காசு இருந்தது.

சியாலா கதவைத் திறந்தபோது
காய்ச்சல்காரக் குழந்தையைப்போல
மடிக்கணினியைத் தோளில் சாய்த்திருந்தாள்.
"நேற்றிரவு டிக் டிக் என்றது, ஜும்பெர்.
அப்புறம் நீலமானது.
அப்புறம் எதுவும் ஆகவில்லை."

நான் கேட்கவில்லை,
நகல் எடுத்து வைத்தாயா என்று.
கேட்பவர்கள் இருக்கிறார்கள்.
முழுகிக்கொண்டிருப்பவனிடம் கரையில் நின்று
நீச்சல் தெரியாதா என்று விசாரிக்கிற ரகம்.
இருபது வருஷமாகத் திபிலிசியில்
சிநேகிதர்களுக்கு வைரஸ் எடுக்கிறேன்.
தேநீர் குடித்த விசைப்பலகைகளைத்
தலைகீழாகக் காயவைத்திருக்கிறேன்.
பிளக்கைச் சொருகாமலே பிரிண்டரைத் திட்டிய வாஜாவுக்காக
மேஜைக்கடியில் குனிந்து அரைமணி நேரம்
சிக்கலான வேலை செய்வதாக நடித்தும் இருக்கிறேன்.
லூஸ் கனெக்ஷன் என்றேன். முழுப் பொய்யும் இல்லை.

கடவுச்சொல் தட்டும்போது ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வேன்.
அந்த வகையில் எல்லார் வீட்டு ஜன்னலும் எனக்கு மனப்பாடம்.
சியாலாவின் ஜன்னலில்
எதிர்வீட்டு பால்கனியில் தொங்கும் சிவப்புச் சைக்கிள்.
ஆனால் அவள் வாய்விட்டே சொல்லிவிடுவாள்:
"நாயின் பெயர், அது செத்த வருஷம்."
காதை எந்தப் பக்கம் திருப்புவது?

வட்டு செத்துக்கொண்டிருந்தது.
இருக்கிற மூச்சுக்குள் எடுத்தாக வேண்டும்.
கேபிளை மாட்டினேன்.
கோப்புகள் ஒவ்வொன்றாகக் கரையேறின:
மாணவர்களின் பியானோ, தண்ணீர் பில்,
யாருடைய பல்லோ எக்ஸ்ரேயில்.
எண்ணிக்கையை மட்டும் பார், பெயரைப் பார்க்காதே.
விதி நானே போட்டது.
கண் போடவில்லை அதை.

அதில் ஒன்று: ஜும்பெருக்கு.

பக்கத்திலேயே தேதி.
ஆறு வருஷத்துக்கு முந்தைய நவம்பர்.
நாங்கள் பேசிக்கொள்ளாத நவம்பர்.
அவள் அண்ணனின் சாவு விருந்துக்கு நான் போகவில்லை.
சொன்ன காரணத்தை அவளும் நம்பவில்லை,
நானும்தான்.
மார்ச்சில் அவளே போன் செய்தாள்,
மவுஸ் நகரவில்லை என்று.
போனேன். பேட்டரி தீர்ந்திருந்தது.
புதிது போட்டேன். அதோடு சரி.

சியாலா அடுக்களையில் இருந்தாள்.
ஒரு சொடுக்கு. சரியாகச் சொன்னால் இரண்டு.
என் பெயருக்கு எழுதியது என்னுடையதுதானே
என்றது எனக்குள் இருக்கும் வக்கீல்.
கையில் கொடுக்காதவரை எழுதியவளுடையது
என்று யாரோ சொன்னார்கள்.
நானாகத்தான் இருக்க வேண்டும், அறையில் வேறு ஆளில்லை.
எழுந்து ஜன்னலுக்குப் போனேன்.
சைக்கிளின் இருக்கையில் பனி விழத் தொடங்கியிருந்தது.

திரும்பி வந்தபோது வட்டு மௌனம்.
நாலாயிரத்துச் சொச்சத்தில்
மூன்றைத் தவிர எல்லாம் பிழைத்தன.
மூன்றின் பெயரும் திரையில் சிவப்பாக.
ஒன்று ஏதோ கேக் படம்.
ஒன்றின் பெயர் வெறும் எண்கள்.

துடைத்துவிடலாமா அந்தப் பட்டியலை?
இழந்தவளுக்கு இழந்தது இன்னதென்று சொல்லாமல் விடுவது
மரியாதை இல்லை, களவு.
திரையை அவள் பக்கம் திருப்பினேன்.

கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டாள்.
முதல் வரி. இரண்டாவது.
மூன்றாவதில்
தேநீர் ஆறும் அளவுக்கு இல்லை,
ஒரு கரண்டி சர்க்கரை கரையும் அளவுக்கு நின்றாள்.
நான் சைக்கிளைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"முக்கியமானது ஒன்றுமில்லை" என்றாள்.
"கேக்?"
"ஆமாம், கேக்தான் கொஞ்சம் வருத்தம்."

பணம் வாங்கினால் அடுத்த முறை கூப்பிடத் தயங்குவாள்.
எதுவும் வாங்காவிட்டாலும் தயங்குவாள்.
அதனால்தான் எப்போதும் பச்சை அக்ரூட் ஜாம், ஒரு பாட்டில்.
இன்று இரண்டு.
ஏன் என்று நான் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

லிஃப்ட் வாசலில் பையைத் தடவினேன். காசு இல்லை.
அவள் தன் பர்ஸைத் துழாவும் சத்தம் கேட்டதும்
இறங்குவது முழங்காலுக்கு நல்லதாம் என்று சொல்லிவிட்டுப்
படியில் கால் வைத்தேன்,
இரண்டு பாட்டிலும் ஒன்றோடொன்று இடித்துக்கொள்ளாமல்
ஏழு மாடியும்.